சோலார் போட்ட வீட்டில் பழக்கத்தை மாற்றுவது எப்படி?

பன்னிரண்டு வருடங்களாகக் கூரைகளில் சோலார் பேனல் பொருத்தி வருகிறேன். பேனலை ஏற்றி, கம்பி இழுத்து, இன்வெர்ட்டரை ஓடவிட்டுக் கீழே இறங்கினால் என் வேலை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்துப் பராமரிப்புக்காக அதே வீடுகளுக்குத் திரும்பப் போனபோது அந்த எண்ணம் மாறியது. பேனல் நான் சொன்ன அளவு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் வீட்டுக்காரர், "நீங்க சொன்ன அளவுக்கு பில் குறையலையே?" என்பார். சுற்றிப் பார்த்தால் புதிதாக ஓர் அறைக்கு ஏசி வந்திருக்கும். ஆளில்லாத கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "சூரியன்தானே தம்பி குடுக்குது, நாம எதுக்கு அணைக்கணும்?"

அவருக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் கூரையில் 3 கிலோவாட் பேனல் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் தரும். பேனல் போடுவதற்கு முன் எங்கள் செலவு நாளுக்கு 11 யூனிட். அப்படியென்றால், பகலில் மிஞ்சி வெளியே மின்கம்பிக்குப் போவதை இரவில் எடுப்பதிலிருந்து கழித்தால், வெளியிலிருந்து எடுப்பது கணக்கில் பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தினம் 3 யூனிட் இன்னும் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் எங்கள் செலவு 15 ஆகியிருந்தது. இரண்டாவது அறையில் ஏசி வந்தது. புது ஃபிரிட்ஜ் வாங்கியபோது பழையதைக் கொடுக்க மனமில்லாமல் மாடியில் வைத்து ஓட்டினோம். துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றும் வந்து சேர்ந்தது. யாரும் வேண்டுமென்று வீணாக்கவில்லை. "நம்ம கரண்ட்தானே" என்ற நினைப்பு ஒவ்வொரு ஸ்விட்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இது புதிய கதையும் இல்லை. ஜேம்ஸ் வாட் மேம்படுத்திய நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் அதிக வேலை செய்தது. அதனால் நிலக்கரிச் செலவு குறைந்திருக்க வேண்டும். ஆனால் இயந்திரம் சிக்கனமானதால் எல்லாத் தொழிலுக்கும் அது கட்டுப்படியாகி, நாட்டின் மொத்த நிலக்கரிச் செலவு ஏறியது. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1865லேயே இதை எழுதிவிட்டார். வீட்டளவில் இந்த எதிர்விளைவு மிச்சம் முழுவதையும் விழுங்குவதில்லை, ஒரு பகுதியைத்தான் விழுங்கும். என் வீட்டில் 11 யூனிட்டில் 8 மிச்சமாகியது, 3 போனது. அந்த 3ஐத் திரும்பப் பிடிப்பதற்கு நான் செய்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கூரையில் பேனல் இல்லாதவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும், மீட்டர் இருந்தால் போதும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் வெறுமனே எழுதுங்கள். காலையில் எழுந்ததும் ஒருமுறை, இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை மீட்டர் எண்ணைத் தேதியோடு குறித்துவையுங்கள். பக்கத்தில் அன்று என்ன விசேஷம் என்று ஒரு வரி: துணி துவைத்தோம், விருந்தாளி வந்தார்கள், மழை. செல்போன் ஆப்பில் எல்லாம் வருமே என்பார்கள். ஆப்பைத் திறந்து பார்க்கிறவர்கள் முதல் பத்து நாளோடு நிறுத்திவிடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். கையால் எழுதிய எண் மனதில் நிற்கிறது. ஏழாவது நாள் கூட்டிப் பாருங்கள். பகல் செலவு எவ்வளவு, இரவுச் செலவு எவ்வளவு என்று இரண்டு எண்கள் கிடைக்கும். சோலார் வீட்டில் இரவு எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அந்த நேரத்தில் கூரை ஒன்றும் தருவதில்லை. கூரை மின்சாரத்தில் ஒரு பகுதி மீட்டர் வழியாகப் போகாமல் வீட்டுக்குள்ளேயே செலவாகிவிடுவதால், பகல் செலவை அறிய இன்வெர்ட்டர் காட்டும் அன்றைய உற்பத்தியையும் எழுதி, அதில் வெளியே அனுப்பியதைக் கழித்து, வெளியிலிருந்து எடுத்ததோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

தூங்கும் வீடு எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பது

இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு கடிகாரம் போதும்.

மின்னணு மீட்டர்களில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சடித்திருப்பார்கள். 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். என் வீட்டு மீட்டரில் 1600. ஒரு ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு எல்லா விளக்கையும், விசிறியையும், ஏசியையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜையும் பத்து நிமிடத்துக்கு நிறுத்திவிட்டு, டார்ச் லைட்டோடு மீட்டர் முன்னால் நின்றேன். வீடே இருட்டு. மீட்டர் மினுக்காமல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு மினுக்கல். எண்ணினேன், இருபத்தைந்தாவது விநாடியில் அடுத்தது. மறுபடி இருபத்தைந்து. மறுபடியும்.

கணக்கு இதுதான்: 36 லட்சத்தை மினுக்கல் எண்ணால் வகுத்து, வந்த விடையை இரண்டு மினுக்கலுக்கு இடைப்பட்ட விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 மீட்டருக்கு 2250 வகுத்தல் 25, அதாவது 90 வாட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாக நான் நம்பிய வீடு 90 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. நாள் முழுதும் என்றால் 2.16 யூனிட். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் தினம் தருவது சுமார் 4 யூனிட். என் கூரையில் இருக்கும் மூன்று கிலோவாட்டில் ஒன்றின் பாதிக்கும் மேலான உழைப்பு யாருக்கும் பயன்படாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பேனல்களை வெயிலில் முதுகு காய ஏற்றிய நானே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். டிவியோடு சேர்ந்த பெட்டி 14 வாட். ஒலிபெருக்கி 16. மேசைக் கணினியும் பிரிண்டரும் அணைத்த நிலையிலேயே 13. மோடம் 9. கரண்ட் போனால் உதவும் பாட்டரி இன்வெர்ட்டர் 30. சில்லறையாக 8. முதல் மூன்றும் சேர்ந்து 43 வாட். அவற்றை ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகி ஒரு ஸ்விட்ச் வைத்தேன். மோடத்தையும் பாட்டரியையும் விட்டுவிட்டேன், அவை வேலை செய்துகொண்டிருப்பவை. அந்த ஒரு ஸ்விட்சில் தினம் சுமார் 0.8 யூனிட் நின்றது.

நினைவில் வைக்க ஒரு சூத்திரம்: வருடம் முழுதும் ஓடும் 1 வாட் என்பது 8.76 யூனிட். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் லேசாகச் சுடுகிறது என்றால் அது எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறது.

எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

பழக்கத்தை மாற்றப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் தொடங்கிக் களைத்துப்போகிறார்கள். செல்போன் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டுவார்கள். போன் பாட்டரி 15 வாட்-மணி என்று வையுங்கள். தினம் முழுதாக ஏற்றினாலும் வருடத்துக்கு ஐந்தரை யூனிட்தான்.

இப்போது வெந்நீரைப் பாருங்கள். நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் குளித்தால் 90 லிட்டர். 25 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற 1.57 யூனிட் வேண்டும். அதே 1.57 யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு 174 மணி நேரம் எரியும். ஒரு குளியல், ஒரு வாரத்துக்கு மேல் அணைக்காத விளக்கு. இந்த ஒப்பீட்டை வீட்டில் சொன்ன அன்றுதான் விளக்கைப் பற்றிய சண்டை ஓய்ந்தது.

விதி எளிது. சூடாக்குவதும் குளிர்விப்பதும் நிறையத் தின்னும். வெளிச்சமும் செய்தியும் கொஞ்சமாகத் தின்னும். எனவே மாற்றத்தை வெந்நீர், ஏசி, அறையைச் சூடாக்கும் ஹீட்டர், துணி உலர்த்துவது, ஃபிரிட்ஜ் ஆகியவற்றில் தொடங்குங்கள். விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிட வேண்டாம்.

எங்கள் வாட்டர் ஹீட்டர் 25 லிட்டர் தொட்டி, 2 கிலோவாட். 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற அரை மணி நேரம், ஏறக்குறைய சரியாக ஒரு யூனிட். நாங்கள் காலை ஐந்து மணிக்குப் போட்டு எட்டு மணிக்கு எல்லோரும் குளித்து முடித்த பிறகு அணைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவருக்கும் இடையே தொட்டி மறுபடி மறுபடி முழுதாகச் சுட்டு, கடைசி ஆள் போன பின்னும் ஒரு தொட்டி வெந்நீர் யாருக்கும் இல்லாமல் ஆறும். இப்போது முதல் ஆள் எழுந்ததும் ஸ்விட்ச், அரை மணியில் அடுத்தடுத்துக் குளியல், கடைசிக்கு முந்தைய ஆள் உள்ளே போகும்போதே அணைத்துவிடுகிறோம். கடைசி ஆளுக்குத் தொட்டியில் இருப்பதே போதும். ஒன்று மட்டும் கவனம்: எந்நேரமும் வெந்நீர் தேங்கி நிற்கும் பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் சிக்கனம் என்று நினைத்து வெப்பநிலையை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும்.

ஏசிக்கு ஒரு கணக்கு. வெளியே 36 டிகிரி, உள்ளே 22 என்றால் இடைவெளி 14. உள்ளே 26 வைத்தால் இடைவெளி 10. சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் இந்த இடைவெளியின் விகிதத்தில்தான் வரும், அதனால் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கூடவே மின்விசிறி போட்டால் உடம்புக்கு 26 என்பதே 24 மாதிரி இருக்கும். விசிறி எடுப்பது சில பத்து வாட், ஏசி எடுப்பது ஆயிரத்தைத் தொடும். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் இதையே தலைகீழாக வைத்து ஹீட்டரை இரண்டு டிகிரி இறக்கி ஒரு கம்பளிச் சட்டை போட்டுப் பார்க்கலாம்.

துணி துவைக்கும்போது இயந்திரமே தண்ணீரைச் சூடாக்கும் வகை என்றால் 60 டிகிரியை விட்டு 30க்கு வாருங்கள். அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சுட வைக்கத்தான் போகிறது. உலர்த்த வெயிலும் காற்றும் இருக்கும்போது இயந்திரம் வேண்டியதில்லை. மாடி ஃபிரிட்ஜை நாங்கள் நிறுத்திவிட்டோம், அது மட்டும் தினம் ஒன்றரை யூனிட்.

நேரத்தை மாற்றுவது

இந்தப் பகுதியில்தான் பேனலும் பழக்கமும் ஒன்றையொன்று தேடுகின்றன. பேனல் அதிகம் கொடுப்பது பகல் பத்து மணிமுதல் மூன்று மணிவரை. நாம் எரிப்பதோ மாலை ஆறு மணிமுதல் பத்து மணிவரை. 2013ல் கலிபோர்னியாவின் மின்வலை நிர்வாகம் இதை ஒரு கோட்டுப் படமாக வரைந்தபோது அது வாத்தின் உருவத்தில் வந்தது. நண்பகலில் சூரிய மின்சாரம் குவிந்து மற்ற நிலையங்களின் தேவை பள்ளமாக இறங்குகிறது, அது வாத்தின் வயிறு. சூரியன் சாய்ந்ததும் தேவை செங்குத்தாக ஏறுகிறது, அது கழுத்து. அந்தக் கழுத்தை நிரப்ப எரிவாயு நிலையங்களும் நிலக்கரி நிலையங்களும் ஓட வேண்டியிருக்கிறது. சூரிய மின்சாரம் பெருகிய பல இடங்களில் நண்பகலில் வாங்க ஆளில்லாமல் பேனல்களை நிறுத்தி வைக்கிறார்கள், சூரியன் சாய்ந்ததும் எரிவாயுவை எரிக்கிறார்கள். கூரையில் ஏறி உழைத்தவன் என்ற முறையில் இது எனக்கு மனம் வலிக்கும் விஷயம்.

பெரிய பாட்டரி வைத்துப் பகலை இரவுக்குக் கடத்தலாம். அதற்கு முன் எதையெல்லாம் பாட்டரியே இல்லாமல் கடத்தலாம் என்று பாருங்கள். துணி துவைப்பது, தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது, இஸ்திரி, மின் வண்டிக்கு சார்ஜ் ஏற்றுவது. இவற்றில் எதுவும் இரவில்தான் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. பகலில் வீட்டில் ஆளில்லை என்றால் வாஷிங் மெஷினில் நேரம் தள்ளிவைக்கும் பொத்தான் இருக்கும். அதைத் தொடாமலேயே வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். காலையில் துணியைப் போட்டு நாலு மணி நேரம் தள்ளிவைத்துவிட்டுப் போனால் நண்பகலில் அது தானாக ஓடும். பகலில் கூரை தரும் மின்சாரத்துக்குள்ளேயே வேலை முடிய வேண்டும் என்றால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடாதீர்கள். 3 கிலோவாட் பேனலின் கீழ் இஸ்திரியும் மோட்டாரும் வாஷிங் மெஷினும் சேர்ந்து ஓடினால் மிச்சம் வெளியிலிருந்துதான் வரும். ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசைப்படுத்துங்கள்.

இப்படி ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுப் பிறகு பாட்டரி எத்தனை யூனிட் வேண்டும் என்று முடிவெடுங்கள். என்னிடம் 10 யூனிட் பாட்டரி கேட்டு வந்த ஒரு குடும்பத்திடம் ஒரு மாத நோட்டுப் புத்தகம் எழுதிவரச் சொன்னேன். கடைசியில் 5 யூனிட் பாட்டரி போட்டோம். அந்த மீதி 5 யூனிட்டுக்கான லித்தியத்தைத் தோண்ட வேண்டியிராமல் போனது.

பழக்கம் நிற்க என்ன செய்வது

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவ்வளவு மோசமில்லை என்றுதான் என் அனுபவம். ஆனால் மன உறுதியை மட்டும் நம்பினால் நிற்காது என்பது உண்மை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு புதுச் செயல் யோசிக்காமல் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபாடு இருந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடவில்லை. இருபத்தொரு நாளில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இருபத்திரண்டாம் நாள் மறந்துபோனால் நொந்துகொள்ளவும் வேண்டாம்.

எனக்குப் பலித்தவை இரண்டு. ஒன்று, புதிய செயலை ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றின் வாலில் கட்டிவிடுவது. "இனிமேல் மின்சாரத்தை மிச்சப்படுத்துவேன்" என்பது வெறும் ஆசை. "இரவு பல் தேய்த்துவிட்டு வெளியே வந்ததும் கூடத்து ஸ்விட்சை அணைப்பேன்" என்பது நடக்கும். எப்போது, எங்கே, என்ன என்று மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கைக்கெட்டும் இடம். என் பவர் ஸ்ட்ரிப் முதலில் டிவிக்குப் பின்னால், சுவரோரம், தூசிக்குள் கிடந்தது. அதை அணைக்க முழங்கால் போட்டுக் குனிந்து கையை நுழைக்க வேண்டும். நான் ஒன்பது நாள் செய்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஒரு நீளக் கம்பி வாங்கி, அந்த ஸ்விட்சைப் படுக்கையறை வாசல் பக்கம், தோள் உயரத்தில் சுவரில் பொருத்தினேன். அதன் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர். அதற்குப் பிறகு இன்றுவரை விட்டதில்லை, என் அம்மாகூடப் போகிற போக்கில் தட்டிவிடுவார். உங்கள் வீட்டில் ஒரு பழக்கம் நிற்கவில்லை என்றால் உங்களைக் குறை சொல்வதற்கு முன் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டாரோடு சேர்ந்து செய்வது

நான் செய்த பெரிய தப்பு இதில்தான். முதல் இரண்டு மாதம் வீட்டில் போலீஸ்காரன் மாதிரி நடந்தேன். ஒவ்வொருவர் பின்னாலும் போய் அணைப்பது, பெருமூச்சு விடுவது, எண்ணைச் சொல்லிக் காட்டுவது. என் மகள் ஒருநாள், "அப்பா, நான் படிக்கும்போது விசிறியை அணைச்சிட்டுப் போயிட்டீங்க" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே ஒரு முடிவுக்கு வந்தோம்: அடுத்தவர் வேலைக்காகவோ உடம்புக்காகவோ ஓடிக்கொண்டிருப்பதை யாரும் தொடக்கூடாது. ஆளில்லாமல் ஓடுவதை யார் வேண்டுமானாலும் அணைக்கலாம்.

நோட்டுப் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி நேற்றைய யூனிட்டைப் பெரிய எழுத்தில் எழுதுகிறாள். எண்ணைப் பார்த்ததும் வீட்டார் தாங்களாகவே பேச ஆரம்பித்தார்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2007ல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில், அக்கம்பக்கத்துச் சராசரியை வீடுகளுக்குத் தெரிவித்தபோது அதிகம் எரித்தவர்கள் குறைத்தார்கள். ஏற்கெனவே குறைவாக எரித்தவர்களோ 'நாம் இன்னும் கொஞ்சம் எரிக்கலாம் போலிருக்கிறதே' என்பதுபோலக் கூட்டிவிட்டார்கள். அவர்களுக்கு அனுப்பிய தாளில் சிரித்த முகம் ஒன்றை வரைந்து அனுப்பியதும் கூட்டுவது நின்றது. எங்கள் தாளில் 10க்குக் கீழே வந்த நாட்களில் என் மகள் ஒரு சூரியன் வரைகிறாள்.

கூரைக்கு வெளியே

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றும் தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மின் கார் நல்லது. பெட்ரோல் வண்டியில் எரிபொருளின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது, மின் வண்டியில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகிறது. ஆனால் 2023ல் உலகில் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பாதி எஸ்.யூ.வி. எந்த எரிபொருளில் ஓடினாலும் ஒன்றரை டன்னை நகர்த்தித்தான் எழுபது கிலோ மனிதர் ஒருவர் போகிறார். அடுத்த வண்டி வாங்கும்போது தேவைக்குப் போதுமான சிறியதைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் 120ல் போகும்போது காற்றின் தடை 100ல் இருப்பதைவிட 44 சதவீதம் அதிகம். நடக்கிற தூரத்தை நடந்துவிடுங்கள்.

சாப்பாடு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில். ஃபிரிட்ஜ் எவ்வளவு சிக்கனமானது என்று நட்சத்திரம் எண்ணி வாங்குகிறோம்; அதன் பின்வரிசையில் என்ன கெட்டுக்கொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒருநாள், புதிதாக வாங்கப் போவதற்கு முந்தைய நாள், உள்ளே இருப்பதை மட்டும் வைத்துச் சமைக்கிறோம்.

பிறகு, பசுமை என்ற பெயரில் வாங்கிக் குவிப்பது. 2022ல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். ஒரு செல்போனால் உண்டாகும் மாசின் பெரும்பங்கு, நாம் அதைக் கையில் வாங்கும் முன்பே, தயாரிப்பிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் பாட்டரியை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவது எந்தப் புதிய 'பசுமைப்' போனைவிடவும் மேல். புதிதாக எதையாவது வாங்கத் தோன்றினால் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி முப்பது நாள் விடுகிறோம். பாதிக்கு மேல் அப்படியே அடித்துவிடுகிறோம்.

"நான் ஒருத்தர் மாறி என்ன ஆகப்போகிறது?"

கூரையிலிருந்து இறங்கும்போதெல்லாம் யாராவது கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி, நேரான பதில் சொல்ல வேண்டும்.

1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஆய்வு செய்தார்கள். ஒரே வரைபடம், ஒரே சுவர், ஒரே கருவி, ஒரே வானிலை. ஆனாலும் சில வீடுகள் மற்ற வீடுகளைப் போல இரண்டு மடங்கு எரித்தன. குடியிருப்பவர் மாறியபோது அந்த வீட்டின் செலவும் மாறியது. கருவியை வைத்து மட்டும் ஒரு வீட்டின் செலவைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. உலக அளவில், ஐ.நா. காலநிலைக் குழு 2022ல் வெளியிட்ட அறிக்கை, நாம் எதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற பக்கத்தில் செய்யும் மாற்றங்களால் 2050க்குள் கட்டடம், போக்குவரத்து, உணவு போன்ற பயன்பாட்டுத் துறைகளிலிருந்து வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களை 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க வாய்ப்பிருக்கிறது என்று கணக்கிட்டது. அதில் தனிமனிதர் பழக்கமும் உண்டு. அதற்கு வழிவிடும் பேருந்தும் நடைபாதையும் கட்டட விதியும் உண்டு. பின்னவை அரசு செய்ய வேண்டியவை, கேட்டு வாங்க வேண்டியவை. அவற்றைக் கேட்பதை வீட்டுச் சிக்கனம் ஈடுசெய்துவிடாது.

ஆனால் நேரம் என்று ஒன்று இருக்கிறது. இன்று எரிந்த நிலக்கரியின் கரியமில வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்கு வானில் நிற்கும். காற்றில் அதன் அளவை ஹவாயின் மௌனா லோவாவில் 1958ல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. புது மின்நிலையம் வர வருடங்கள் ஆகும். மின்வலையை மாற்ற அதைவிட அதிகமாகும். ஸ்விட்சை இன்று இரவே அணைக்கலாம். நிலக்கரி மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு என்றால், மாலையில் நாம் எரிக்காமல் விட்ட ஒவ்வொரு யூனிட்டும் ஒரு கிலோ. அந்த அம்மாவுக்கு நான் இப்போது சொல்லும் பதில் இதுதான்: "சூரியன் குடுக்கிறது உண்மைதான்மா. நாம மிச்சம் வச்சா அது பக்கத்து வீட்டுக்குப் போகும், கரண்ட் நிலையத்துல அவ்வளவு கரி எரியாது." போன முறை போனபோது கூடத்து விசிறி நின்றிருந்தது.

எங்கள் வீட்டுத் தாளில் இன்று காலை என் மகள் எழுதிய எண் 9.6. பக்கத்தில் ஒரு சூரியன். பேனல் போடுவதற்கு முன் இருந்த 11ஐவிடக் கீழே வந்துவிட்டோம். பிற்பகலில் கொஞ்சம் மின்சாரம் வெளியே போகிறது. தண்ணீர் மோட்டார் முன்னைவிட அதிக நேரம் ஓடுவதாக அவள் ஒரு வாரமாகக் குறித்து வைத்திருக்கிறாள், எங்கோ குழாய் கசிகிறது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருவருமாக மாடிக்கு ஏறிப் பார்க்கப் போகிறோம்.